கோல் எதனையும் கொடுப்பதில்லை

ஆண்டுதோறும் முதலாம் வருட மாணவர் செய்முறை வகுப்புக்கு வரும்பொழுது அவர்களிடம் நான் கேட்கும் வினா ஒன்று உண்டு. காவலித் தண்டுகளின்மேல் நிற்கும் இரண்டு உலோகக் கோளங்களை ஒன்றையொன்று தொடுமாறு வைப்பேன். இரண்டிலும் ஏற்றம் இல்லை என்பதைப் பொன்னிலை மின்காட்டியாற் காட்டுவேன். பின்னர், கம்பளியில் உரோஞ்சிய எபனைற்றுக் கோலொன்றை ஒரு கோளத்தின் அருகே, தொடாதவாறு பிடிப்பேன். கோல் அங்கே இருக்கும்பொழுதே கோளங்களைப் பிரித்து, அதன் பின்னரே கோலை அகற்றுவேன். இப்பொழுது இரண்டு கோளங்களிலும் ஏற்றம் உண்டு. கோலுக்கு அருகில் இருந்ததில் நேரேற்றம். தொலைவில் இருந்ததில் மறையேற்றம். “இவ்வேற்றம் எங்கிருந்து வந்தது?” என்பதே வினா.

பெரும்பாலோர் தயங்காமற் கூறும் விடை, “கோலிலிருந்து” என்பதாகும். அவ்வாறாயின் கோல் எவ்வளவை இழந்தது என்று மீண்டும் கேட்பேன். கோலை மின்காட்டியின் அருகே கொண்டுசென்றாற் பொன்னிலைகள் முன்னர் எவ்வளவு விரிந்தனவோ அவ்வளவே இப்பொழுதும் விரிகின்றன. கோல் எதனையும் இழக்கவில்லை. இழக்காத பொருள் எதனைக் கொடுத்திருக்கும்? வகுப்பிற் சிறிது நேரம் மௌனம் நிலவும். ஓர் ஆசிரியனுக்கு வாய்க்கக்கூடிய இனிய பொழுதுகளில் அம்மௌனமும் ஒன்று என்பேன்.

இம்மாணவர் உயர்தரப் பரீட்சையில் இவ்விடயத்தைத் தமிழிற் படித்து, நிறைந்த புள்ளிகள் பெற்று வந்தவர்கள். இங்கு வந்த சில வாரங்களில் அதனையே ஆங்கிலத்திற் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். இரு மொழியிலும் வரைவிலக்கணம் பிழையின்றி வருகின்றது. ஆயினும் கோலையும் கோளத்தையும் கண்முன் வைத்துக் கேட்டாற் கோலிலிருந்து ஏதோ ஒன்று பாய்ந்தது என்றே மனம் எண்ணுகின்றது. இது மொழிக் குறைபாடு அன்று. மொழியைக் கடந்து செல்லும் ஒரு வழக்கம். எனினும் சொல்லும் இதிற் சற்றுப் பங்கு கொள்கின்றது என்பது என் எண்ணம். ஆதலாற் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் இந்நிகழ்வுக்கு வழங்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. உள்ளே இட்டுச் செல்லுதல் என்பது அதன் மூலப்பொருள். அச்சொல்லைக் கேட்பவன் கடத்தியினுள் ஏதோ ஒன்று இட்டுச் செல்லப்பட்டது என்று எண்ணினால் அவனைக் குறைகூற இயலாது. தமிழிலோ நாம் தூண்டல் என்கிறோம். தூண்டுதல் என்பது பௌதிகவியலுக்கு முன்னரே விளக்கடியில் வழங்கிய சொல். திரி மங்கும்பொழுது “விளக்கைத் தூண்டிவிடு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, குச்சியால் திரியைச் சற்று மேலே தள்ளிவிட்டவர்கள் நம்மிற் பலர். அக்குச்சி விளக்குக்கு நெருப்பைக் கொடுப்பதில்லை, எண்ணெயையும் கொடுப்பதில்லை. விளக்கில் முன்னரே உள்ளதை இடம்பெயர்த்து வைக்கின்றது, அவ்வளவே. கலைச்சொல் ஆக்கிய அறிஞர் விளக்கை மனத்திற் கொண்டுதான் இச்சொல்லைத் தெரிந்தனரா என்பது ஒருபுறம் இருக்க, நிகழ்வை அதன் ஆங்கிலப் பெயரினும் செம்மையாகச் சுட்டுகின்றது நம் சொல். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: விளக்குக் குச்சி திரியைத் தொட்டாக வேண்டும், எபனைற்றுக் கோல் தொட வேண்டியதில்லை.

ஆனால் எல்லாக் கலைச்சொற்களையும் நான் இவ்வாறு பாராட்ட மாட்டேன். ஏற்றம் என்னும் சொல் நம்மை வழிதவறச் செய்வது. வண்டியிற் சுமையை ஏற்றுவது போல ஒரு வெற்றுப் பொருளில் மின்னை ஏற்றிவிட்டோம் என்னும் எண்ணத்தை அது தருகின்றது. ஆங்கிலச் சொல்லின் வேரிலும் இந்த வண்டியும் சுமையுமே உள்ளன. நாம் அதன் கருத்தை அப்படியே பெயர்த்துக்கொண்டதனால் அதன் குறையையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டோம். தமிழ்நாட்டில் வழங்கும் மின்னூட்டம் என்பதும் ஊட்டப்படுவதற்கு முன் பொருள் வெறுமையாய் இருந்தது என்றே எண்ணச் செய்கின்றது. ஏற்றமற்ற பொருள் என்றவுடன் ஏற்றம் என்று எதுவும் இல்லாத பொருளை மாணவன் மனத்தில் வரைந்துகொள்கிறான். முழுக் குழப்பத்துக்கும் ஊற்றுக்கண் இதுவே.

உண்மை அதற்கு நேர்மாறானது. ஒரு சிறு செப்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று கிராம் நிறை என்க. அதில் உள்ள அணுக்கள் ஏறத்தாழ 28 கோடி கோடி கோடி. ஒவ்வோர் அணுவிலும் 29 இலத்திரன்கள். அவை அனைத்தின் மறையேற்றத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 1,30,000 கூலோம் வரும். ஒரு மின்னல் வீச்சு நிலத்துக்கு இறக்குவது பெரும்பாலும் சில பத்துக் கூலோம்களே. ஆயிரக்கணக்கான மின்னல்களுக்குப் போதுமான மறையேற்றம் நம் உள்ளங்கையில் உள்ள அச்சிறு தகட்டில் அடங்கிக் கிடக்கின்றது. நம்மை அது ஒன்றும் செய்யாதிருப்பதற்குக் காரணம், அதே அளவு நேரேற்றம் அணுக்கருக்களில் இருந்து அதனைச் சரிக்குச் சரி ஈடுசெய்வதுதான். ஏற்றமற்ற பொருள் வெறுமையானது அன்று. இரண்டு பேரளவுகள் ஒன்றையொன்று முற்றாகச் சமன்செய்து நிற்கும் நிலையே அது.

இனிக் கோலை அருகே கொண்டுவருவோம். எபனைற்றுக் கோலின் மறையேற்றம் தகட்டின் இலத்திரன்களைத் தள்ளுகின்றது. செம்பில் அணுவுக்கு ஓர் இலத்திரன் வீதம் எந்த அணுவுக்கும் உரியதாகாமல் உலோகம் முழுவதும் திரிவதால் அவை தள்ளுண்டு நகர்கின்றன. தொலைவுப் பக்கத்தில் இலத்திரன்கள் சிறிது மிகுகின்றன. அண்மைப் பக்கத்திற் சிறிது குறைகின்றன. இவ்வாறு பிரிந்த ஏற்றங்கள் தமக்குள் உண்டாக்கும் புலம் கோலின் புலத்தை எதிர்க்கின்றது. உலோகத்தின் உள்ளே மொத்தப் புலம் பூச்சியமாகும் வரை நகர்வு நடக்கின்றது, பூச்சியமானதும் நின்றுவிடுகின்றது. கடத்தியின் தூண்டல் என்பது இவ்வளவே. மொத்தக் கணக்கில் ஓர் இலத்திரனேனும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

“சிறிது” என்றேன். எவ்வளவு சிறிது? நம் ஆய்வுகூடத்தில் நாம் பிரிக்கும் ஏற்றம் கூலோமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்று கொண்டால், அது ஏறத்தாழ 620 கோடி இலத்திரன்கள். எண் பெரிதாகத் தோன்றலாம். ஆனால் அம்மூன்று கிராம் செம்பிற் கட்டற்றுத் திரியும் இலத்திரன்களோடு ஒப்பிட்டால், நாலரை இலட்சம் கோடி இலத்திரன்களுக்கு ஒன்று என்னும் வீதமே வருகின்றது. பாடநூற் படங்களில் மறைக்குறிகள் ஒரு முனையில் நெருக்கியடித்துக்கொண்டும் மறுமுனை வெறிச்சோடியும் காட்சியளிக்கும். திருவிழா முடிந்து எல்லோரும் ஒரே வாயிலால் வெளியேறுவதைப் போல. அப்படங்களை நான் விரும்புவதில்லை.

அதனினும் வியப்பானது இலத்திரன்கள் நகரும் தூரம். காற்று உடைந்து பொறி பறக்காமல் தாங்கக்கூடிய மின்புலம் மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்று. அந்தப் பெரும் புலத்தில் ஒரு செப்புத் தகட்டை வைத்தாலும், உள்ளே புலம் பூச்சியமாவதற்கு இலத்திரன் திரள் முழுவதும் சராசரியாக எவ்வளவு தூரம் ஒதுங்க வேண்டும் என்று கணித்துப் பாருங்கள். ஒரு கனமீற்றர் செம்பில் உள்ள கட்டற்ற ஏற்றம் ஏறத்தாழ 1,360 கோடி கூலோம். மேற்பரப்பில் தோன்ற வேண்டியதோ சதுரமீற்றருக்கு ஒரு கூலோமின் பத்து இலட்சத்தில் 27 பங்கு. முன்னதாற் பின்னதை வகுத்தால் வரும் தூரம் செப்பணுவின் கருவின் ஆரையைவிடக் குறைவு! அணுவின் அன்று, கருவின். இலத்திரன்கள் ஓடவில்லை. கடல் போன்ற ஒரு திரள், கருவின் அளவுக்கும் உட்பட்ட ஒரு தூரம் சாய்கின்றது. அச்சாய்வு போதும், பொன்னிலை விரிவதற்கு. இக்கணக்கைக் கரும்பலகையிற் போட்டு முடித்த பின்னர் ஒரு மாணவி, “சேர், அப்படியென்றால் அது ஏறத்தாழ ஒன்றுமே நடக்காததுதானே?” என்றார். அவ்வாறேதான். ஏறத்தாழ ஒன்றும் நடப்பதில்லை. அந்த “ஏறத்தாழ”வுக்குள்ளேதான் நிலைமின்னியல் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

நிற்க. தொடாமலே விளைவு உண்டாகும் என்பதை மனிதர் அறிந்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிடவில்லை. 1730ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்ரீபன் கிரே ஒரு சிறுவனைக் கயிறுகளிற் கிடையாகத் தொங்கவிட்டு, உரோஞ்சிய கண்ணாடிக் குழாயை அவன் கால்களின் அருகே கொண்டுவந்தபோது, அவன் முகம் மெல்லிய பித்தளைத் தகட்டுத் துணுக்குகளை ஈர்த்தது. குழாய் அவனைத் தொடவேண்டியிருக்கவில்லை. 1753இல் ஜோன் கன்ரன் உலோகக் குழாயையும் தக்கைப் பந்துகளையும் கொண்டு செய்த சோதனைகளில் தூண்டல் ஒரு தனி நிகழ்வாகத் தெளிவுபட்டது. சுவீடனின் வில்க்கே 1762இலும் இத்தாலியின் வோல்ற்றா 1775இலும் செய்த தட்டுக் கருவியைப் பற்றிப் பின்னர் சொல்வேன். இவர்களை விரைந்து கடந்து செல்வதற்குக் காரணம், என் மனம் எப்பொழுதும் போய் நிற்கும் இடம் 1843ஆம் ஆண்டும் ஒரு வாளியும் என்பதுதான்.

இலண்டனில் உள்ள இராயல் நிறுவகத்தில் மைக்கல் பரடே பயன்படுத்தியது பனிக்கட்டி வைக்கும் சாதாரண வாளி ஒன்று. வெள்ளீயக் கலப்புலோகத்தால் ஆனது. பத்தரை அங்குல உயரம், ஏழு அங்குல விட்டம். அதனைக் காவலியின்மேல் வைத்து, அதன் வெளிப்புறத்தை ஒரு கம்பியாற் பொன்னிலை மின்காட்டியுடன் தொடுத்தார். நீண்ட வெண்பட்டு நூலில் தொங்கிய பித்தளைக் குண்டொன்றுக்கு ஏற்றமூட்டி, அதனை வாளியினுள் மெல்ல இறக்கினார். குண்டு இறங்க இறங்கப் பொன்னிலைகள் விரிந்தன. ஓரளவு ஆழத்துக்குக் கீழே சென்றபின் குண்டை எங்கே அசைத்தாலும் விரிவு மாறவில்லை. தொடாமலே குண்டை வெளியே எடுத்தால் இலைகள் முற்றாக மூடிக்கொண்டன. இதுவரை வியப்பு எதுவும் இல்லை. நம் இரண்டு கோளங்களும் இதையே செய்தன.

பின்னர் குண்டை மறுபடியும் இறக்கி வாளியின் அடியைத் தொடச் செய்தார். பொன்னிலைகள் அசையவில்லை. குண்டை வெளியே எடுத்துச் சோதித்தார். அதில் ஏற்றம் சிறிதும் இல்லை.

இலைகள் அசையாமையே இச்சோதனையின் உயிர்நாடி. குண்டு தொடுமுன் வாளியின் உட்சுவரில் எதிரேற்றமும் வெளிச்சுவரில் ஒத்த ஏற்றமும் பிரிந்து நின்றன. தொட்டவுடன் குண்டின் ஏற்றமும் உட்சுவரின் ஏற்றமும் ஒன்றையொன்று அழித்தன. உட்சுவரில் தூண்டப்பட்டது குண்டில் இருந்ததிலும் ஒரு துளி குறைவாகவோ ஒரு துளி மிகையாகவோ இருந்திருந்தால், எஞ்சியது வெளிச்சுவருக்குச் சென்று இலைகளை அசைத்திருக்கும். அவை அசையவில்லை. ஆகவே தூண்டும் ஏற்றமும் தூண்டப்படும் ஏற்றமும் அளவிற் சமம். மேசைமேல் நின்ற கோளத்திற் கோலின் ஏற்றத்தில் ஒரு பகுதிக்கே எதிரேற்றம் தூண்டப்பட்டது; எஞ்சிய பகுதிக்கு ஈடானது சுவரிலும் கூரையிலும் ஆசிரியனின் உடம்பிலும் பரந்து கிடந்தது. வாளியோ குண்டை ஏறத்தாழ முற்றாகச் சூழ்ந்திருந்தமையால் தூண்டல் முழுவதையும் தானே வாங்கிக்கொண்டது. நிறுத்துப் பார்க்க இயலாத ஒன்றை, அசையாத இரண்டு பொன்னிலைகளால் நிறுத்துக் காட்டினார் பரடே. முறைப்படி கணிதம் பயிலாத புத்தகக் கட்டுநர் ஒருவரின் கைவண்ணம் இது.

வாளிக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1836இல், பன்னிரண்டு அடி பக்கமுள்ள பெரியதொரு பெட்டியை மரச்சட்டத்தாலும் கம்பியாலும் உலோகத் தாளாலும் அமைத்து, அதன் வெளிப்புறத்துக்குப் பொறி பறக்க ஏற்றமூட்டச் செய்து, தாம் மின்காட்டிகளுடன் உள்ளே சென்று அமர்ந்தவரும் அவரே. உள்ளே ஒரு சலனமும் இல்லை. கடத்தியின் உள்ளே புலம் பூச்சியம் என்று நாம் ஒரு வரியில் எழுதிவிடுவதை அவர் தம் உடலை வைத்துச் சோதித்தார்.

இனி, கடத்திக்கு உண்மையிலேயே மொத்தத்தில் ஏற்றம் கிடைக்கும் வழியைப் பார்ப்போம். மின்காட்டியின் தட்டுக்கு அருகே எபனைற்றுக் கோலைப் பிடியுங்கள், இலைகள் விரியும். கோல் அங்கே இருக்கும்பொழுதே தட்டை விரலால் தொடுங்கள், இலைகள் மூடும். விரலை எடுங்கள். அதன் பின்னர் கோலை எடுங்கள். இலைகள் மீண்டும் விரிந்து நிற்கும். இம்முறை கோலின் துணையின்றி. ஒழுங்கை மாற்றி முதலிற் கோலையும் பின்னர் விரலையும் எடுத்தால் எதுவும் மிஞ்சாது. முன்பின் ஒழுங்கே இங்கு எல்லாமாகும். விரல் திறந்த வழியால் தள்ளுண்ட இலத்திரன்கள் உடம்பினூடாகப் புவிக்குச் சென்றன. அவை திரும்பி வருமுன் விரலை எடுத்து வழியை அடைத்துவிட்டோம். இலத்திரன் குறைந்தமையால் மின்காட்டிக்கு நேரேற்றம். கண்ணாடிக் கோலாற் செய்தால் புவியிலிருந்து இலத்திரன்கள் மேலேறி வந்து மறையேற்றம் உண்டாகும். இரண்டிலும் கோல் கொடுத்தது ஒன்றுமில்லை. கொடுக்கல் வாங்கல் முழுவதும் கடத்திக்கும் புவிக்கும் இடையில் நடந்தது. கோல் அருகில் நின்றது, அவ்வளவே.

கிழக்கிலங்கையில் நான் படித்த பாடசாலையில் இச்சோதனையைக் காட்டுவதற்கு எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் மாதம் பார்ப்பார். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எபனைற்றுக் கோலைத் தலைமயிரில் உரோஞ்சினாலும் போதும். இலைகள் படாரென்று விரியும். மாரி பிறந்து கார்த்திகை மழை இறங்கிவிட்டால் கோலும் மின்காட்டியும் செத்த பிணங்கள். அவர் மனம் தளரமாட்டார். சிரட்டைக் கரியில் தணல் மூட்டி, ஒரு தகரத் தட்டில் வைத்து, அதன் வெப்பத்தில் மின்காட்டியின் காவலிக் கழுத்தையும் கோலையும் காயவைத்த பின்னரே பாடத்தைத் தொடங்குவார். ஈரக்காற்று ஏற்றத்தைக் குடித்துவிடுகிறது என்பது எங்கள் எண்ணம். காற்று அன்று, காவலியின் மேற்பரப்பிற் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமே குற்றவாளி என்று காட்டுவதற்காகவே அவர் தணலைக் கழுத்தின் அருகில் மட்டும் வைப்பார். வகுப்பறைக் காற்று அப்பொழுதும் ஈரமாகவே இருக்கும், இலைகளோ விரிந்து நிற்கும். வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாட்டில் நிலைமின்னியல் கற்பிப்போர் கையாளக்கூடிய இந்த உத்தியை, குளிர்நாட்டு நூல்கள் எதிலும் நான் படித்ததில்லை.

வோல்ற்றாவின் தட்டுக் கருவியையும் முதலில் அவரிடமே கண்டேன். ஒரு பிசின் தட்டு. அதன்மேல் வைக்க, காவலிப் பிடி பொருத்திய ஓர் உலோகத் தட்டு. பிசினைக் கம்பளியில் உரோஞ்சி, உலோகத் தட்டை அதன்மேல் வைத்து, விரலால் ஒருமுறை தொட்டு, பிடியால் உயர்த்தினாற் சிறு பொறி பறக்கும் அளவுக்கு ஏற்றம் கிடைக்கும். அதனை இறக்கிவிட்டு மறுபடியும் வைக்கலாம், தொடலாம், உயர்த்தலாம். பிசினை மீண்டும் உரோஞ்ச வேண்டியதில்லை. பிசினும் உலோகமும் தொட்டுக்கொண்டுதானே இருக்கின்றன, ஏற்றம் ஏன் கடந்து செல்லவில்லை என்று கேட்பவர் நல்ல மாணவர். உண்மையில் இரண்டும் சில புள்ளிகளிலேயே தொடுகின்றன. பிசின் காவலியாதலால் மற்ற இடத்து ஏற்றம் அப்புள்ளிகளுக்கு நகர்ந்து வரவும் இயலாது. ஆகவே பிசினின் ஏற்றம் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றது. வோல்ற்றா இதற்கு “என்றும் ஓயாதது” என்று பொருள்படப் பெயரிட்டார். ஓயாத ஊற்று என்றவுடன் ஆற்றல் சும்மா கிடைக்கிறதா என்னும் ஐயம் எழ வேண்டும். எழாவிட்டால் நாம் கற்பித்ததில் ஏதோ குறை. ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டிருக்கும் பிசினையும் தட்டையும் பிரித்து உயர்த்தும்போது கை சற்றுக் கூடுதலாக வேலை செய்கின்றது. பொறியின் ஆற்றல் அக்கையின் வேலையிலிருந்து வந்தது. தட்டின் எடைக்கு மேலதிகமாகிய அச்சிறு இழுவையை விரல் உணர்வதில்லை. அதனாற்றான் அது சும்மா கிடைத்தது போலத் தோன்றுகின்றது.

இவையெல்லாம் ஆய்வுகூட மேசைக்கு உரியவை என்று எண்ணுபவர்களுக்காக ஒரு செய்தி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் என் தாய்மாமன் ஒருவருக்கு வயல் இருந்தது. ஐப்பசி மாத மாலைப்பொழுதொன்றில், வானம் இருண்டு மழை இன்னும் விழாத வேளையில், அவர் வேலி ஓரமாக மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, படலையைத் திறப்பதற்கு முள்ளுக்கம்பியைப் பிடித்திருக்கிறார். மின்னல் விழுந்தது வயலுக்கு அப்பால், நெடுந்தொலைவில் நின்ற ஒரு தென்னையில். மாமாவின் கையோ அக்கணமே மரத்துத் தெறித்தது. இரண்டு நாள்வரை அவராற் சோற்றைப் பிசைய முடியவில்லை. மின்னல் கம்பி வழியாக வந்தது என்றார்கள் ஊரில். அந்த வேலிக்கும் தென்னைக்கும் எத்தொடுப்பும் இல்லை. காய்ந்த மரக்கட்டைகளில் அறைந்த கம்பி. மழை பெய்திருந்தால் கட்டை நனைந்து ஓரளவேனும் புவித்தொடுப்பு ஏற்பட்டிருக்கும்.

இடிமுகிலின் அடிப்பகுதி பெரும்பாலும் மறையேற்றம் உடையது. நல்ல வானிலையில் நிலத்தருகே மீற்றருக்கு ஏறத்தாழ 100 வோல்ற்றாக இருக்கும் புலம், முகிலின் கீழே திசைமாறிப் பல்லாயிரமாக உயர்கின்றது. நிலமும் நிலத்தின்மேல் நிற்கும் மரமும் வீடும் மனிதனும் நேரேற்றம் கொள்கின்றனர். நீண்ட கம்பியொன்றும் காவலியின் குறைபாடுகள் ஊடாகச் சிறிது சிறிதாக அவ்வேற்றத்தைப் பெற்றுவிடுகின்றது. முகில் மேலே இருக்கும்வரை அவ்வேற்றம் அதனாற் பிணிக்கப்பட்டு நிற்கும். முகில் தன் ஏற்றத்தை வேறோர் இடத்தில், தென்னையிலோ கோபுரத்திலோ, இறக்கிய கணத்தில் அப்பிணிப்பு நீங்குகின்றது. கம்பியின் ஏற்றம் போக வழி தேடுகின்றது; வழி என் மாமாவின் கை. முகில் பெரிய கோல். மின்னல் என்பது அக்கோலைச் சட்டென்று அகற்றுவது. மின்னலின் பேரோட்டம் காந்தப்புலத்தாலும் கம்பியில் ஓட்டத்தைத் தூண்டும் என்பதும் உண்மை. மாமாவின் கைக்கு வந்ததில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் இத்திரும்பு வீச்சை 1779ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மகோன் பிரபு தம் மின்னியல் நூலில் விளக்கியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அதற்கும் முன், 1753இல், சென் பீற்றர்ஸ்பேக் நகரிற் பேராசிரியர் ரிச்மன் இறந்தார். முகிலின் மின்னை அளப்பதற்காகத் தம் வீட்டுக் கூரையிலிருந்து அறைக்குள் ஓர் உலோகக் கம்பியைக் கொண்டுவந்திருந்தார். அளக்க வேண்டுமாயின் ஏற்றம் ஓடிவிடக் கூடாது. ஆகவே கம்பியைக் காவலியின்மேல் நிறுத்தியிருந்தார். இடிமுழக்கத்தின்போது அளவைப் பார்க்கக் குனிந்தவரின் தலையில் மின் பாய்ந்தது. பிராங்கிளினின் இடிதாங்கியும் ரிச்மனின் கம்பியும் பார்வைக்கு ஒன்றே. ஒன்று புவியோடு தொடுக்கப்பட்டது; மற்றையது தொடுக்கப்படவில்லை. வேறுபாடு அவ்வளவே, அவ்வளவில் ஓர் உயிர். பருவக்காற்றுகள் மாறும் பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் இந்நாட்டில் இடிமின்னல் மிகுதி. அக்காலத்திற் கம்பி வேலியையும், உடுப்புக் காயவிடும் கம்பியையும், தொலைக்காட்சி அன்ரனாவின் தண்டையும் முழக்கம் கேட்கத் தொடங்கிய பின்னர் தொடாதீர்கள் என்று மாணவர்க்குச் சொல்கிறேன். அன்ரனாவைக் கழற்றுவதாயின் முகில் வருமுன் கழற்ற வேண்டும். வானம் வெளித்திருக்கிறதே, மின்னல் அடுத்த ஊரில்தானே என்பது சமாதானம் ஆகாது.

மேடைப் பேச்சாளர் சிலர் மின்தூண்டலை மனித வாழ்வுக்கு உவமையாக்கி, நல்லோர் அருகில் இருந்தாலே நன்மை உண்டாகும் என்பர். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அருகில் தூண்டப்படுவது எப்பொழுதும் எதிரேற்றம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. பௌதிகவியலைப் பௌதிகவியலாகவே விட்டுவைப்பது நன்று.

இப்பொழுது மாணவர் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஒரு தூண்டற் கருவி இருக்கின்றது. கைப்பேசியின் திரையைத் தொடுதிரை என்கிறோம். கண்ணாடியின் கீழே, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நம் விரல் அவற்றைத் தொடுவதே இல்லை. இடையிற் கண்ணாடி நிற்கின்றது. விரல் ஒரு கடத்தி; உடம்பு என்னும் பெரிய கடத்தியோடு சேர்ந்தது. அது அருகே வந்ததும் ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்குச் சென்றுகொண்டிருந்த புலக்கோடுகளிற் சிலவற்றைத் தன்பால் இழுத்துக்கொள்கின்றது. கோடுகளின் ஏற்றம் மாறுகின்றது. அம்மாற்றம் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்பதையே கருவி எண்ணிக் கண்டுகொள்கின்றது. இதனைச் சொல்லி முடித்த கிழமையில் ஒரு மாணவர் வகுப்புக்குக் கதலிப்பழம் ஒன்றும் பென்சில் ஒன்றும் கொண்டுவந்தார். கையிற் பிடித்த கதலியின் நுனியாற் திரையைத் தொட்டபோது அது பணிந்து பக்கத்தைப் புரட்டியது. பென்சிலின் காய்ந்த மரப்பக்கத்தால் எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. “சேர், பழத்தை மேசையில் வைத்துவிட்டு, கையால் பிடிக்காமல், நூலிற் கட்டி இறக்கினால்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது மணி அடித்துவிட்டது. பழத்தை யாரோ தின்றும்விட்டார்கள்.